கிறிஸ்தோப்பரின் அரை டொலர்

வெள்ளி நாணயத்தைத் துணியால் துடைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை, ஐயா. கிறிஸ்தோப்பருக்குத் தெரியும். இருபது வருடமாக ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் பழைய நாணயம் தேடி அலைந்தவர்கள்.

லவாலில் ஒரு வீட்டில் பழைய சாமான் விற்றபோது, தையல் பெட்டிக்குள்ளிருந்து அது அவர் கையில்தான் அகப்பட்டது. 1850களில் அமெரிக்காவில் அடித்த அரை டொலர். புழக்கத்துக்கு விட்டதல்ல, மெருகேற்றிய அச்சில் காட்சிக்கென்று அடித்த சிலவற்றில் ஒன்று. அதில் முகம் பார்க்கலாம்.

எனக்குப் பொறாமை இல்லை. ஒவ்வொரு கிழமையும் செயின்ட்-மிஷேலில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், நாணயத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"கேளும், அருமை, மகளின்ர கலியாணத்துக்கு இதில துளை போட்டுச் சங்கிலியில கோக்கிற பென்ரன் செய்யப்போறன்."

"பகிடி விடாதையுங்கோ, அண்ணை."

"பகிடி இல்லை. பிள்ளை ஆசைப்படுறாள்."

பிறகு சிகரெட் பிடிக்கப் பின்பக்கப் பால்கனிக்குப் போனார். மெல்லிய சேட்டும் வீட்டுச் செருப்பும்தான். மூன்றாம் மாடி, அந்தப் பக்கம் படி இல்லை. வெளியில் மைனஸ் இருபத்தாறு பாகை. அவருடைய மனைவி அக்னெஸ் அக்கா வேலைக்குப் போயிருந்தா. நான் கதவின் கொளுக்கியைப் போட்டேன்.

முதலில் சிரித்தபடி தட்டினார். "திறவும், அருமை, விறைக்குது." பிறகு இரண்டு கையாலும் தட்டினார். கீழே பனி அள்ளும் வண்டி இரைந்துகொண்டிருந்தது. நான் கதிரையை வெளிச்சத்துக்குத் திருப்பி, பூதக்கண்ணாடியால் நாணயத்தைப் பார்த்தேன். அவருக்கு ஏற்கெனவே நெஞ்சில் ஒப்பரேசன் செய்திருந்தது. நாற்பது நிமிடம் போதுமாயிருந்தது.

கொளுக்கியை எடுத்துவிட்டேன். நாணயத்தை அவருடைய மேசை லாச்சிக்குள்ளேயே வைத்து மூடினேன். நான் கள்ளன் இல்லை. வெளியில் நின்றபோது நெஞ்சடைத்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

நேற்று அவருடைய முப்பத்தோராம் நாள் பூசை. அக்னெஸ் அக்கா என் கையைப் பிடித்து அழுதா.

"அவரின்ர கடைசி ஆசை, தம்பி. சனிக்கிழமை நகைக்கடையில குடுத்துத் துளை போடப்போறன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அதனால்தான் இன்று பொலிசுக்கு வந்தேன். அவரைக் கொன்றது நான்தான். எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். இனி அந்த நாணயம் சான்றுப்பொருள் அல்லவா? இன்றைக்கே போய் எடுத்துவிடுங்கள். விளிம்பில் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். பாவம், என்னை விட்டால் அதற்கு வேறு யார் இருக்கிறார்கள்.