மூன்றாவது கரண்டி

லபீப்: ...முகம் தெரியணும் ஷவ்கத். முகம் மட்டும் தெரிஞ்சா பத்தாது, மூக்குல இருக்கிற மருவும் தெரியணும். அப்படி ஒரு ஸ்ப்ரே பெயின்ட் குடு.

ஷவ்கத்: எதுக்கு அடிக்கப் போற?

லபீப்: மோட்டார் சைக்கிள் கண்ணாடி விளிம்புக்கு.

ஷவ்கத்: நாப்பது வருஷம் டிராம் ஓட்டினவன் நீ. உனக்கு ஏது மோட்டார் சைக்கிள்?

லபீப்: மருமகனோடது. நீ பெயின்ட் கடையா, போலீஸா?

ஷவ்கத்: மேல கம்பியில சாம்பிளுக்குப் பெயின்ட் அடிச்ச மூணு கரண்டி தொங்குது பாரு. மூணுக்கும் மூணு டப்பா.

லபீப்: முதல் கரண்டி... இது எங்க டிராம் கம்பத்துக் கலரு.

ஷவ்கத்: தொட்டுப் பாரு, ஒட்டாது. பத்து வருஷம் நிக்கும்.

லபீப்: நிக்கும். கம்பமாச்சே! ரெண்டாவது?

ஷவ்கத்: டப்பா மூடியைப் பார்த்தா கண்ணாடி. அடிச்சுப் பார்த்தா சிகரெட் பெட்டிக்குள்ள இருக்கிற காகிதம்.

லபீப்: நீ விக்கிற லட்சணம் இதுதானா... சரி, மூணாவது... யா அல்லாஹ்! கடற்கரையே தெரியுதுய்யா! அபூகீர் வரைக்கும்! அங்க வலை இழுக்கிறவன் சட்டையில ஒரு பட்டன் இல்ல!

ஷவ்கத்: அது உன் சட்டை. தொடாதே... தொடாதேன்னேன்ல?

லபீப்: ஐயோ, விரல்ல வந்துடுச்சே!

ஷவ்கத்: அதோட குணம் அது. பார்க்கலாம், தொடக் கூடாது. முதல்ல பளபளன்னு கறுப்பு அடிச்சுக் காயவெச்சு, அதுக்கு மேல இதைப் புகை மாதிரி விடணும். பாதுகாப்புக்குன்னு வார்னிஷ் அடிச்சியோ, மங்கிப் போய் டிராம் கம்பம் ஆயிடும்.

லபீப்: அடியில... கறுப்பா?

ஷவ்கத்: ஏன், மோட்டார் சைக்கிளை எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சியா?

லபீப்: உப்பும் போட்டேன்... மோட்டார் சைக்கிள் இல்லப்பா. கோப்பை.

ஷவ்கத்: நம்ம காபிக்கடை பகடைப் போட்டிக் கோப்பையா? போன வருஷம் என்னை ஜெயிச்சு வாங்கினியே?

லபீப்: அதேதான். ஒரு வருஷமா அலமாரியை விட்டு வெளிய எடுக்கல. வீட்டுக்காரியைத் தூசி தட்டக்கூட விடல. இன்னைக்கு ஏழு மணிக்கு என் கையால சம்பந்தி ஸக்கரியாகிட்ட குடுக்கணும். இந்த வருஷம் அவர் ஜெயிச்சுத் தொலைச்சிட்டாரே! சரி, பளிச்சுனு குடுப்போம்னு காலையில தேச்சேன். வெள்ளி உரிஞ்சு அடுப்புக்கரி ஆயிடுச்சு!

ஷவ்கத்: அவர் என்ன சொல்லிடப் போறார்?

லபீப்: அவரா? நான் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார். செத்த பிறகு கல்லறைக்கு வந்து நாற்காலி போட்டு உக்காந்து சொல்லிக் காட்டுவார். அலெக்சாண்ட்ரியாவுல இருக்கிற பூனைக்கெல்லாம் தெரிஞ்சுடும்.

ஷவ்கத்: மணி ரெண்டுதான் ஆகுது. மூணாவதையே எடுத்துக்கோ. ஏழு மணிக்குள்ள காஞ்சுடும்.

லபீப்: தொடாம எப்படிய்யா குடுக்கிறது?

ஷவ்கத்: நான் உனக்கு எப்படிக் குடுத்தேன்?

லபீப்: நீயா? வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு, பட்டுத் தலைகாணி மேல வெச்சு... முத்தம் குடுக்கப் போனேன், அது மரியாதை இல்லைன்னு தடுத்தே. நேரா அலமாரியில வெச்சுப் பூட்டச் சொன்னே... எனக்கு அழுகையே வந்துடுச்சு... ஷவ்கத்!

ஷவ்கத்: நான் கறுப்பு ரெண்டு தடவை அடிச்சேன். ஒரு தடவை போதும்.

லபீப்: அடப்பாவி! காலையில இருந்து செத்துச் செத்துப் பொழைக்கிறேன்! அப்ப அசல் வெள்ளிக் கோப்பை எங்க?

ஷவ்கத்: இந்தா, கையுறை. போன வருஷமே உன்கிட்ட சேர்த்துக் குடுத்திருக்கணும். மறந்துட்டேன்.

லபீப்: அசல் எங்கேன்னு கேட்டேன்!

ஷவ்கத்: எனக்கு என்ன தெரியும்? எனக்கு முன்னாடி ஜெயிச்ச ஜாபிர் என்கிட்ட குடுக்கும்போதே, இந்தக் கையுறையைப் போட்டுக்கிட்டுத்தான் குடுத்தான்.