அமைச்சருக்கு ஒரு வாய் மரவள்ளி

நம் அதிபர் நம் ஓடையைக் கொன்றுவிட்டார். கொன்ற கை இன்னும் களைக்கவில்லை, ஆயுள் முழுதும் ஆள வாக்களியுங்கள் என்று இப்போது அமைச்சரை அனுப்பியிருக்கிறார்.

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் லோயெம்பா அவர்களே, மாண்புமிகு எண்ணெய் அமைச்சர் அவர்களே, மூங்கில் பெஞ்சை நிறைத்திருக்கும் பெரியவர்களே, சேறு காயாத காலோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்! நன்றியுரை சொல்ல அழைத்தீர்கள். சொல்கிறேன்.

எண்ணெய் எடுத்தார்கள், யார் வீட்டில் விளக்கு எரிந்தது? எண்ணெய்க் கிணற்றில் இரவு பகலாக வானம் பார்த்து எரிகிறதே வாயுத் தீ, அதற்கு நன்றி! இரவு எது, விடியல் எது என்று தெரியாமல் நம் சேவல்கள் அமைச்சர்களைப் போல எந்நேரமும் கூவுகின்றன.

சட்டத்தில் அதிபருக்கு இரண்டு பதவிக்காலம் என்றிருந்தது, மூன்றாக்கினார்கள். வயது வரம்பு இருந்தது. அதிபருக்கு வயது ஏறியதும் வரம்பு ஓடிவிட்டது. "தோண்டத் தொடங்கியவரே மூடவும் வேண்டும்" என்றார் அமைச்சர் சற்றுமுன். மூடப்போவது எங்களைத்தானே ஐயா!

யாரது, "மெதுவாப் பேசுடா, போலீஸ் நிக்குது"ன்னு? நிற்கட்டும் அண்ணே, அவர் வீட்டிலும் மரவள்ளிதான்.

நம் புவாங்கா அக்கா வழக்கம்போல் மரவள்ளிக் கிழங்கை நஞ்சு நீங்க ஓடையில் ஊறப்போட்டார். எடுத்தபோது கிழங்கெல்லாம் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு. சந்தையில் ஒருவரும் தொடவில்லை. அந்தக் கிழங்குதான் அவர் பிள்ளைகளின் சோறு. அமைச்சரின் அலுவலகத்துக்கே தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்த குமாஸ்தா சொன்னார்:

"ஓடை சுத்தமா இருக்கும்மா. அமைச்சரே சொல்லிட்டாரு. நீதான் சரியாக் கழுவல."

"எதுல சார் கழுவுறது? அந்த ஓடையிலதான?"

சிரிக்காதீர்கள், அக்கா அழுதுகொண்டேதான் கேட்டார்.

நம் ஊர் வழக்கம் என்ன? வந்த விருந்தாளி முதல் வாய் உண்ண வேண்டும்; பிறகுதான் பேச்சு. உண்ண மறுத்தால் பகை. இன்று அமைச்சர் பேசியே முடித்துவிட்டார், வாயில் ஒரு துணுக்கு படவில்லை. காரில் நகரத்து ரொட்டியும் பாட்டில் தண்ணீரும் காத்திருக்கின்றனவாம்!

அதனால் அக்கா அதே ஓடையில் ஊறிய கிழங்கை அரைத்து, இலையில் கட்டி, அவித்துக் கொண்டுவந்திருக்கிறார். வாங்கக்கா, மேலே வாங்க. நாற்றம் வருகிறதா, முன்வரிசையாரே? மூக்கைப் பொத்தாதீர்கள், சுத்தமான ஓடை!

ஐயா, இதை நீங்கள் உண்டால் இந்த ஊரின் ஓட்டு மொத்தமும் அதிபருக்கு. அவர் ஆளட்டும், அவர் பேரன் ஆளட்டும். உண்ணாவிட்டால், 'ஓடை சுத்தம் என்று நான் சொன்னது பொய்' என்று இதே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும் தலைவருக்கும் நன்றி, வணக்கம். ஆனால் நான் மேடையை விட்டு இறங்கவில்லை.

இலையைப் பிரித்துவிட்டேன், ஐயா. காரைப் பார்க்காதீர்கள், அக்காவைப் பாருங்கள். ஒரே ஒரு வாய்.

சாப்பிடுங்கள்.

சாப்பிடுங்கள், ஐயா!