காய்லாவே வராத பரசுராமன்

ஆமா சார், நாந்தான் பரசுராமன். ஹார்பர்ல கரி எறக்கறேன். வாசல்ல கேட்டுக்கினுதானே உள்ள வந்தீங்க, மறுபடியும் இன்னாத்துக்கு கேக்கறீங்க? கழுத்துல கீது பாருங்க பித்தளை பில்லை. இத்தக் காட்டினாத்தான் கேட்டுக்குள்ள வுடுவான். தொட வேணாம் சார், பாத்தா போதும்.

சர்க்கார் ஆளுன்றீங்க, கம்பெனி ஆளு இல்லன்றீங்க. சரி. ஆனா தெருமுனை வரிக்கும் உங்க கூட வந்தாரே, அவரு எங்க கம்பெனி கிளார்க்கு ஜேக்கப் மாரி இல்ல? வழி காட்ட வந்தாரா. ராயபுரத்துல வழி காட்ட வேற ஆளே கெடைக்கலியா உங்களுக்கு. வுடுங்க, எனக்கின்னா.

காய்லாவா? எனக்கா? நா காய்லான்னு படுத்ததே கெடையாது சார். போன மழைக்கு இந்தத் தெருவே காய்ச்சல்ல கெடந்துச்சி, நா கரிக்கூடை தூக்கிக்கினு இருந்தேன். வேணும்னா கம்பெனில கேட்டுப் பாருங்க, பரசுராமன் ஒரு கப்பலக் கூட வுட்டதில்லன்னு சொல்லுவான்.

அதுவா? பக்கத்து வூட்ல ஒரு ஆளு இருமறான். நடுவுல வெறும் தட்டிதானே, இங்கியே இருமற மாரி கேக்கும். ஏ... கெங்கம்மா, அந்தாளுக்கு ஒரு லோட்டா தண்ணி குடு போ. எங்க வூட்டுப் பொம்பள சார். எரக்கம் ஜாஸ்தி.

நீங்க சொல்றது புரியாம இல்ல. கூலில கொஞ்சம் புடிச்சிக்கினு, கம்பெனியும் கொஞ்சம் போட்டு, காய்லா வந்தா டாக்டரும் பாதிக் கூலியும் குடுக்கற ரோசனை. மாகாணம் பூரா அத்தப் போடலாமா வேணாமான்னு பேட்டை பேட்டையா கேட்டுக்கினு போறீங்க. கேக்க நல்லாத்தான் கீது. ஆனா காய்லான்னு சொன்னவன் பேரு எவன் கையில போவும்? கம்பெனி பாக்காதா? எர்ணாவூர் சின்னப்பையன் ரத்தம் துப்பனத மேஸ்திரி பாத்துட்டான். அவ்ளோதான், அடுத்த கப்பலுக்கு அவன் பில்லை வேற ஒருத்தன் கழுத்துல தொங்குச்சி. அதுலேர்ந்து இந்தப் பக்கம் எவனுக்கும் காய்லா வர்றதில்ல சார்.

இன்னா எழுந்துட்டீங்க? தெரு பூரா கேட்டாச்சா. எல்லாரும் இதேதான் சொன்னாங்களா. அப்போ இன்னா எழுதப் போறீங்க? ஹார்பர் ஆளுங்க திடமா கீறாங்க, இவங்களுக்கு இந்த ரோசனையே தேவையில்லன்னா? நெசமாவே அப்பிடித்தான் எழுதுவீங்களா?

உக்காரு நைனா. பேனாவ மூடு மொதல்ல. உன் மேல எனக்கு இன்னும் நம்பிக்கை வரல, அத்தச் சொல்லிட்டேன். ஆனா நீ அப்பிடி எழுதிக்கினு பூட்டா அவன் இருமி இருமியே பூடுவான், எனக்குப் பயமா கீது. தட்டிக்கு அந்தாண்ட பக்கத்து வூடு இல்ல, அதுவும் எங்க வூடுதான். இருமறவந்தான் பரசுராமன், என் அண்ணன். நா வரதன். அவன் படுத்ததுலேர்ந்து இந்தப் பில்லைய மாட்டிக்கினு நா போய்க்கினு கீறேன். கரி அப்பின மூஞ்சில எவன் எவன்னு தொரைக்கு இன்னா தெரியும். வந்தவங்க எதிர்ல அண்ணியப் பேர் சொல்லிக் கூப்டறப்போதான் நாக்கு கூசுது.

இப்போ பேனாவத் தெற. அந்த இருமல எழுதிக்கோ நைனா. பேர மட்டும் வுட்டுடு.