தேநீர் பூசிய கிப்ஸ்

அடுத்தவர் வீட்டுக் கதை கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. காதில் விழுந்தால் கேட்பேன், அவ்வளவுதான். சுவிஸில், இந்தத் துன் நகரில் எங்கள் தெரு ஒடுக்கமானது. இந்த வீட்டில் இருமினால் எதிர்வீட்டில் மருந்து தேடுவார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

அரச வழக்கறிஞர் அம்மா, தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னதற்கு நன்றி. நீங்கள் அழைத்து வந்த மொழிபெயர்ப்பாளப் பிள்ளை நல்ல பிள்ளை. யாருடைய மகள் என்று கேட்டேன், சொல்லக்கூடாதாம். தேவையும் இல்லை. அந்த மூக்கை டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில், கோப்பை கழுவிய ஒருவரின் முகத்தில் முப்பது வருடத்துக்கு முன்னரே பார்த்திருக்கிறேன்.

நான் எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். ஒரு கதை பிழையாகப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் தெரு கினோவின் உட்கூரை விழுந்ததற்கு ஜெனனிதான் காரணம், அவளுக்கு அளக்கத் தெரியவில்லை, படித்த படிப்பெல்லாம் வீண் என்று பேர்ணிலிருந்து பாசல் வரைக்கும் நம் சனம் கதைக்கிறது. கதைக்கட்டும். ஆனால் கதைப்பதைச் சரியாகக் கதைக்க வேண்டும். பிழையான கதையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

கினோ என்று இங்கே சொல்லும் அந்தப் படமாளிகைக்கு வயது நூறு. குதிரை லாடம் போல வளைந்த மேல்மாடம், சிவப்பு வெல்வெட் கதிரைகள். உட்கூரை முழுவதும் கிப்ஸ் என்கிற வெள்ளைச் சாந்து. நாணல் பாயில் அப்பி, மேலே மரச் சட்டங்களில் கம்பி கட்டித் தொங்கவிட்டது. நடுவில் திராட்சைக் கொடி சுற்றிய பெரிய வளையம். என் கணவர் இராஜேந்திரன் கிப்ஸ் பூசும் வேலைக்காரர். அவர் ஒருநாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "உது தனிய ஒரு கார் பாரம் வரும், கஜா" என்றார். பத்தொன்பது வருடமாக அந்த மண்டபத்தைத் துடைத்துப் பெருக்கியது நான், கஜலக்சுமி.

ஜெனனி என் எதிர்வீட்டுச் சிவகலாவின் மகள். அவளுக்கு முதல் பல் வந்ததைக் கண்டுபிடித்ததே நான். பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் ஒரு சிறிய பொறியாளர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. சித்திரையில் தலைக்கவசத்தோடு வந்து, மேல்மாடத்தின் கடைசி வரிசையில் கதிரைமேல் ஏறி நின்றாள். அங்கே கூரை தாழ்வாக வரும், கை எட்டும். அங்கிருந்து மண்டபத்தின் நடுப்பகுதி வரைக்கும் ஒரு வெடிப்பு ஓடியது. வெடிப்பின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குக் கிப்ஸ் அப்பி, பென்சிலால் திகதி எழுதினாள்.

"அன்ரி, இதைத் தொட்டிடாதேங்கோ. வெடிப்பு அசைஞ்சால் இது உடையும். உடைஞ்சிருந்தால் அண்டைக்கே ஹோலைப் பூட்டவேணும்."

"நான் ஏன் பிள்ளை தொடப்போறன்?"

மேல்மாடத்தைச் சனத்துக்குப் பூட்டிவிட்டார்கள். திறப்பு இருந்தது அவளிடமும் என்னிடமும் மட்டும்.

முதல் தடவை உடைத்தது நான்தான். தூசி உறிஞ்சும் குழாயின் கைபிடி பட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு முதல் வாரம்தான் அட்லிஸ்வில் முருகன் கோயிலில், பிரசாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிவகலா நாலு பேருக்கு முன்னால் சொன்னாள்: "எங்கட ஜெனனி கட்டடத்தைக் காப்பாத்திறாள். கஜா அக்கா அதைத் துடைக்கிறா. ரெண்டு பேரும் ஒரே இடத்திலதான் வேலை." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்படிப்பட்டவளின் வாயில் போய், நான் உடைத்தேன் என்று விழுவேனா?

வீட்டில் கிப்ஸ் மூட்டை இருந்தது. யோகட் கிண்ணத்தில் குழைத்தேன், அப்பினேன், அவள் எழுதிய அதே திகதியை எழுதினேன். இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவார்கள், அதையும் மறக்கவில்லை. புதுக் கிப்ஸ் வெள்ளை வெளேரென்று நின்றது. ஆறிய தேநீரில் பஞ்சைத் தோய்த்து ஒற்றினேன். உண்மையைச் சொன்னால், நான் வைத்தது அவள் வைத்ததைவிட நேர்த்தி.

மூன்று வாரத்தில் அது மறுபடி உடைந்திருந்தது. இந்த முறை நான் கிட்டவும் போகவில்லை. மயிரிழை போல ஒரு கோடு. அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் பொய் எழுத விரும்பவில்லை. ஆனால் இதைச் சொன்னால் முந்தினது எங்கே என்று கேட்பார்கள். ஒரு கேள்வி வந்தால் அதன் வாலைப் பிடித்து ஒன்பது வரும். ஆகவே மறுபடி குழைத்தேன்.

ஆனி, ஆடி, ஆவணி. அதற்குள் ஐந்து தடவை. வெடிப்புக்குள் முதலில் நகம் நுழைந்தது, பிறகு தீக்குச்சி. வெடிப்பின் விளிம்பையும் சாந்தால் ஒடுக்கி, உறிஞ்சும் இயந்திரத்துப் பையில் கிடந்த பழைய தூசியைத் தடவி விட்டேன். ஜெனனி மாதத்துக்கு ஒருமுறை வருவாள், டோர்ச் அடிப்பாள், படம் எடுப்பாள்.

"பாருங்கோ அன்ரி, ஒரு அசைவும் இல்லை. எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? கினோவை இடிக்கச் சொன்ன ஆக்கள் எல்லாருக்கும் இனி வாய் அடைஞ்சிடும்."

"ஓம் பிள்ளை. உன்ர கைராசி."

அவளுடைய அறிக்கையை நம்பி நகரசபை கட்டடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. புரட்டாதி மாதத்தில், பழங்கட்டடங்களைச் சனத்துக்குத் திறந்துவிடும் சனிக்கிழமை பின்னேரம் விழா. இருநூறு பேர்.

அன்று காலை கடைசியாக மேலே போனேன். வியாழக்கிழமை வைத்தது இரண்டு துண்டாகக் கிடந்தது. வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் போனது. மூட்டையில் கிப்ஸ் இருந்தது, நேரம்தான் இல்லை. கீழே வந்து கதிரைகளைத் துடைத்தேன். நடு வரிசைகளையும் ஒழுங்காகவே துடைத்தேன். வேலையில் நான் குறை வைப்பதில்லை.

இராஜேந்திரனைக் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருத்தினேன். அங்கே தலைக்கு மேலே மேல்மாடத்தின் கொங்கிரீட்.

"ஏனப்பா, முன்னுக்கு எவ்வளவு இடம் கிடக்கு?" என்றார்.

"உங்களுக்கு இருமல். சும்மா இருங்கோ."

சிவகலா காஞ்சிபுரம் கட்டி வந்தாள். ஆறாவது வரிசை, நடுக் கதிரை. நேர் மேலே திராட்சைக் கொடி வளையம். ஜெனனி மேடையில் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்றாள். நகரசபைக்காரர் பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், சிவகலாவின் தோளில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் விழுந்ததைக் கண்டேன். பட்டு கெட்டுவிடும் என்று மெல்லத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சிட்டிகை. சுவரில் நெருப்பு அபாய மணி, என் கைக்கு எட்டுகிற தூரம். அழுத்தினால் எல்லோரும் வெளியே போயிருப்பார்கள். அதை அழுத்தியது யார், ஏன் என்றும் கேட்டிருப்பார்கள்.

பேச்சு முடிந்து கைதட்டும்போது சிவகலா திரும்பிப் பார்த்தாள்.

"கஜா அக்கா, ஏன் பின்னுக்கு ஒளிச்சு நிக்கிறியள்? இஞ்சால வாங்கோ, பக்கத்தில இடம் கிடக்கு."

"முழங்கால் நோகுது. நீர் இரும்."

"என்ன, மேலேயே பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"வடிவாயிருக்கு. உம்மட மகள் காப்பாத்தினது எல்லோ."

அவள் அண்ணாந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அத்தனை வருடத்தில் நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அவள் கேட்டது அன்றுதான். நான் கதவைத் திறந்து இராஜேந்திரனின் கையைப் பிடித்தேன். வெளியே ஒரு கால் வைத்தபோது சத்தம் வந்தது.

செத்தது நாலு பேர் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர்களில் சிவகலாவும் ஒருத்தி. மேடையில் நின்றதால் ஜெனனிக்குக் கையில் சிராய்ப்பு மட்டும். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: அந்தப் பிள்ளை அளந்தது சரி. அவள் அளந்தது என்னுடைய கிப்ஸை.

எனக்கும் சிவகலாவுக்கும் பகை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும், அது கிடக்கட்டும். பகை என்பது பச்சைப் பொய். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவளைப் பற்றி நான் ஒருவரிடமும் ஒரு குறை சொன்னதில்லை.