ஜெர்மனியில் ஒரு கிரிவலம்

செங்கம் சாலையில் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னார்:

“என் பையன் ஜெர்மனில தினமும் கிரிவலம் போறான்.”

“படிக்கத்தான போனான்? அங்க ஏதுக்கா மலை?”

“விசா கிடைச்சா மாசாமாசம் சுத்துறேன்னு வேண்டிக்கிட்டான். கிடைச்சதும் கிளம்பிட்டான். அங்க காலேஜ் பக்கத்துல வாடகை ஜாஸ்தியாம். தூரமா ரூம் எடுத்து நடந்தே போறான். போறது ஒரு வழி, வர்றது வேற வழி. சுத்தின கணக்குதான்.”

இளையவர் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“செருப்பில்லாமயா?”

“பனி கொட்டுதுடி. ஷூ போட்டுக்கடான்னுட்டேன்.”

“அப்ப வேண்டுதல்?”

“அவன் நடக்கட்டும், வெறுங்காலோட நான் இருக்கறேன்னு சொல்லிட்டேன். சாமிக்கு ரெண்டும் ஒரே வீட்டுக் காலுதான.”

இறங்கும்போது பார்த்தேன். அவர் காலில் செருப்பு இல்லை.