ஆர்வில் பென்னரின் கம்பளி இடம் மாறியது குறித்து

என் பெயர் லோரெட்டா கோவல்ச்சுக். வயது 54. தகப்பனார் பெயர் மைக்கேல், காலமாகிவிட்டார். சஸ்காட்செவன் மாகாணம் தோர்ன்பீல்ட் ஊரில் தானியக் கிடங்குக்குப் பின்னால் ரயில்வே தெருவில் குடியிருந்து வருகிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி வருகிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வாசலுக்கு வெளியேதான் நிற்க வைத்திருந்தார்கள். கான்ஸ்டபிள் அர்சனோ அவர்கள் முன்பாக, யாரும் அழைத்து வராமல் நானாக வந்து சொல்வதாவது:

எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. ஆட்டம் உள்ள நாளில் மதியம் கதவு திறந்ததும் அவரவர் கம்பளியைக் கொண்டு வந்து பெஞ்சில் விரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். சாயங்காலம் வந்து நம் கம்பளி கிடக்கும் இடத்தில் உட்காருவோம். பணப்பையை மறந்து வைத்துவிட்டுப் போனால் ஒருவேளை காணாமல் போகலாம், கம்பளியை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். எந்தக் கம்பளி யாருடையது என்பது ஊருக்கே தெரியும்.

என் இடம் எப்போதும் வெளியூர்க்காரர்களின் தண்டனைக் கூண்டுக்கு நேர் பின்னால். தப்பாட்டம் ஆடியவனை அதற்குள் உட்கார வைப்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து அவனை வம்புக்கு இழுப்பது என் வழக்கம். அரங்கத்திலேயே பெரிய குரல் எனக்குத்தான். ஒரு பையன் வெளியே வந்ததும் என்னிடம் கையெழுத்து கேட்டிருக்கிறான், இன்னொருவன் அழுதிருக்கிறான்.

ஆர்வில் பென்னருக்கும் அவர் தம்பி எட்கர் பென்னருக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. எட்கர் தன் வயலில் தேங்கிய தண்ணீரை வடிகால் வெட்டி இறக்கினார், அது அண்ணன் விதைத்த நிலத்தில் போய் நின்றது. அதிலிருந்து ஆர்வில் கோலுக்குப் பின்னால், வலை கட்டிய பக்கம், ஹீட்டருக்குக் கீழே உட்காருவார். எட்கர் நீளவாட்டப் பெஞ்சில், நடுக்கோட்டுக்கு எதிரே உட்காருவார். இருவரும் தேவாலயத்திலும் இப்படித்தான், ஆளுக்கொரு மூலை.

போன சனிக்கிழமை கில்டேர் ஊர் அணியோடு கடைசிப் போட்டி. மதியம் நான் கம்பளி விரிக்கப் போனபோது கேன்டீன் நடத்தும் டோரீன் மட்டும் அடுப்படியில் இருந்தாள், பெஞ்சுகள் பக்கம் ஆள் இல்லை. நான் அவளிடம், "இன்னிக்கு பென்னர் அண்ணனும் தம்பியும் தோளோட தோள் ஒட்டி உக்காருவாங்க, பாக்குறியா?" என்றேன். அவள், "நீ ஆணியே புடுங்க வேணாம், உன் வேலையைப் பாத்துட்டுப் போடி" என்றாள். அதன் பிறகு நான் போய் ஆர்வில் கம்பளியை எடுத்து எட்கர் கம்பளிக்குப் பக்கத்தில் விரித்தேன்.

அப்போது இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். ஒன்று, ஆர்வில் கம்பளியை இரண்டு பேர் உட்காரும் அகலத்துக்கு விரித்திருந்தார். அவர் மனைவி ஆக்னஸ் இறந்து மூன்றாவது குளிர்காலம் இது. இரண்டு, கம்பளி நழுவாமல் இருக்க இரண்டு மர கிளிப் போட்டு பெஞ்சோடு பிடித்திருந்தார், துணி காயப்போடும் கிளிப். கிளிப்பில் நீல நூல் சுற்றியிருந்தது, தன் கிளிப் என்று அடையாளம் தெரிய ஆக்னஸ் சுற்றி வைத்தது. எட்கர் பக்கத்தில் ஒரு ஆள் இடம்தான் இருந்ததால் கம்பளியைப் பாதியாக மடித்தேன். கிளிப் இரண்டையும் கோட் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த நீல நூலைப் பார்த்த பிறகும் மடித்தேன் என்பதை எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

அதன் பிறகு என் கம்பளியை வழக்கமான இடத்தில் விரிக்கவில்லை. எதிர்ப்பக்கம் போய், பென்னர்கள் முகம் நேராகத் தெரிகிற இடமாகப் பார்த்து விரித்தேன். ஆட்டம் பார்ப்பதற்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை.

சாயங்காலம் கூட்டம் நிறைந்துவிட்டது. ஆர்வில் வந்து தன் பழைய இடத்துக்குப் போனபோது அங்கே கில்டேர் குடும்பம் ஒன்று கம்பளி விரித்து உட்கார்ந்திருந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, வெறும் பலகை கிடந்தால் யார் வேண்டுமானாலும் விரிக்கலாம். அதன் பிறகு அவர் தன் கம்பளியைத் தேடிக்கொண்டே வந்து எட்கர் பக்கத்தில் அதைக் கண்டார்.

எட்கர் அவரைத் தள்ளினார், மிரட்டி விரட்டினார் என்று ஊரில் பேசுகிறார்கள். கம்பளியை மாற்றியதும் எட்கர்தான் என்று ஆர்வில் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் கொடுத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். நான் நேர் எதிரே இருந்தேன். எட்கர் தள்ளவில்லை. அண்ணனைக் கண்டதும் பெஞ்சில் வைத்திருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு சாண் நகர்ந்து இடம் விட்டார். அதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். நான் விளையாட்டுக்குச் செய்தது பலிக்கப் பார்த்தது.

அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. காபித் தட்டோடு அந்தப் பக்கம் போன டோரீன் பிறகு சொன்னாள். ஆர்வில், "ஆக்னஸ் கம்பளிடா இது. இதைத் தொட உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?" என்று கேட்டாராம். எட்கர், "நான் தொடலண்ணே. சத்தியமா தொடல. உக்காருண்ணே" என்றாராம். ஆர்வில் உட்காரவில்லை. கம்பளியை உருவிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு காலியாக இருந்த ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தார். அது வெளியூர் ஆட்டக்காரர்கள் பெஞ்சைத் தாண்டி, கண்ணாடி முடிகிற மூலை. அங்கே வலையும் கிடையாது. ஆட்டக்காரர்கள் மட்டையால் அடிக்கும் வட்டு பறந்து வரும் என்பதால் எங்கள் ஊரில் யாரும் அங்கே கம்பளி விரிப்பதில்லை. அந்த ரப்பர் வட்டு குளிரில் கல் மாதிரி இருக்கும். அவர் அங்கே உட்காருவதைப் பார்த்தேன். "அங்க வேணாம், உங்க கம்பளியை மாத்துனது நான்தான்" என்று ஒரு தடவை கத்தியிருந்தால் அரங்கம் முழுக்கக் கேட்டிருக்கும். அதற்குப் பதிலாக, "ஆர்வில் ஐயா! வட்டு வந்தா பல்லால புடிங்க, கையை வெளிய எடுத்தா குளிரும்!" என்று கத்தினேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை.

சிரிப்பு வந்துவிட்டதால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கத்தினேன். அப்போது ஆட்டம் அவர் மூலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. "ஐயா, ரெண்டு பேர் கம்பளியில ஒத்தை ஆளா உக்காந்து என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். இப்போது அவர் தலையைத் திருப்பி, யார் கேட்டது என்று எங்கள் பக்கம் தேடினார். அந்த நேரத்தில் வட்டு பெஞ்சைத் தாண்டி எழும்பி அவர் இடது கண்ணில் அடித்தது. அவர் வட்டைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. என்னைத் தேடிக்கொண்டிருந்தார். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் ஓடிப்போனது எட்கர். நடுவில் இருந்த பெஞ்சுகளின் மேலேயே ஏறி ஓடினார். கண்ணில் கம்பளியை வைத்து அழுத்திப் பிடித்தவரும் அவர்தான். அதனால்தான் அவர் சட்டையில் ரத்தம் இருந்தது. நான் என் இடத்திலேயே நின்றேன்.

திங்கட்கிழமை காலை கடைத்தெரு ஹோட்டலில் எல்லோரும் காபி குடிக்கும்போது, "எட்கர் மேல பழி போடாதீங்க, கம்பளியை மாத்துனது நான்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "ஆமா, போன வருஷம் மேயர் காரை ஐஸ் மேல கொண்டு போய் நிறுத்துனதும் நீதான்" என்றார். "அதுவும் நான்தான்யா" என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். காலையில் அங்கே பரிமாறும் டோரீன் மட்டும் சிரிக்கவில்லை, என் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. மற்றவர்களுக்கு நான் அழுதது தெரிந்திருக்கும். அதையும் நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் தாங்களும் நான் முதலில் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டுப் புன்னகை செய்தீர்கள். தப்பு சொல்லவில்லை, நான் சம்பாதித்து வைத்திருப்பது அதுதான். அதனால் நீல நூல் சுற்றிய கிளிப் இரண்டையும் இந்த மேசை மேல் வைக்கிறேன். கம்பளியை மாற்றியவரிடம்தான் இவை இருக்க முடியும். ஆர்வில் கையில் கொடுத்தால் அவருக்குத் தெரியும்.

சிரிப்புக்காகச் செய்தேன், கெட்ட எண்ணம் இல்லை என்று சேர்த்துக்கொள்ளலாமா என்று தாங்கள் கேட்டீர்கள். வேண்டாம். இரண்டாவது தடவை கத்தியபோது அது அவருக்கு வலிக்கும் என்று தெரிந்தே கத்தினேன்.

அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். எட்கர் தினமும் சஸ்காட்டூன் ஆஸ்பத்திரி வரை போகிறார். அண்ணன் தன்னைப் பார்க்க மறுப்பதால் உள்ளே போகாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருகிறார். இந்த வாக்குமூலத்தை ஆர்விலுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முழுவதும் வாசிக்க நேரம் இல்லை என்றால், எட்கர் தொப்பியை எடுத்து நகர்ந்து இடம் விட்ட பகுதியை மட்டுமாவது வாசிக்கவும்.

மேலே கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன. இதில் எந்த வரியும் விளையாட்டுக்குச் சொன்னதல்ல.

(ஒப்பம்) லோரெட்டா கோவல்ச்சுக்

என் முன்னிலையில்: கான்ஸ்டபிள் அர்சனோ. மர கிளிப் இரண்டு பெற்றுக்கொள்ளப்பட்டன.