பதினோராவது இடம்

அன்புள்ள தங்கச்சி அஞ்சலீனாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பதினொன்றரைக்கே சோற்றைச் சாப்பிட்டு, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். அமெரிக்கன் ஃபுட்போல் ஒரு மணிக்குத் தொடங்கும்; பசி வந்து கண் வேறு பக்கம் போகக்கூடாது. இப்போது சித்திரை மாதம், ஆட்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் பதினொன்றரைக்குக் கோப்பை கவிழ்ந்துவிடுகிறது. பிறகு குசினிக்கும் சன்னலுக்குமாக நடக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தொடங்கி இதுவரை நாலு தரம் எழும்பிவிட்டேன்.

உங்கள் மனிசன் றெனோல்டின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து தேவாலய வாசலில் நிற்கும்போது நீங்கள் என்னைக் கேட்டீர்கள்: "அண்ணை, ஸ்ப்ரே அடிச்சும் நிக்கேல்லையோ?" நான் தலையை ஆட்டினேன். அது சரியான தகவல் அல்ல. பிழையான தகவலைத் திருத்தாமல் விட எனக்கு வராது. ஆகவே நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

எங்கள் பட்டியல் உங்களுக்குப் பகிடி என்று தெரியும். "மூண்டு கிழடுகளும் ஒரு தேர்தல் ஆணையமும்" என்று நீங்கள் சொன்னதை றெனோல்டே எனக்குச் சொல்லிச் சிரித்தவர். தொண்ணூற்றைந்தில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அவரும் நானும் ஒரே பாரில் கோப்பை கழுவினோம். பிரெஞ்சும் தெரியாது, இங்கிலிசும் அரைகுறை. குசினிக் கதவு திறக்கிற நேரமெல்லாம் ரீவியில் அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டோம். பத்து வருஷத்துக்கு ஒருக்கால் பந்தை முன்னுக்குக் கொண்டு போகிற பக்கத்துக்குச் சிறந்த பதினொரு பேரைத் தெரிவு செய்வோம். இது மூன்றாவது பட்டியல், இரண்டாயிரத்துப் பதினைந்து தொடங்கி இருபத்து நாலு வரைக்குமானது. விதிகள் என் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. பேர் ஏற மூன்று பேரும் கை உயர்த்த வேண்டும். ஒருவர் மறுத்தாலும் இடம் வெறுமையாகவே கிடக்கும்.

தை மாதக் கடைசிக்குள் பத்துப் பேர் ஏறிவிட்டார்கள். பந்தை எறிகிறவனுக்குக்கூட அரை மணித்தியாலம்தான் எடுத்தது. மிஞ்சினது ஒன்று, இடது பக்கக் காவல்காரன். எறிகிறவன் வலக்கைக்காரன் என்றால் அவனுடைய முதுகுப்பக்கம் அவனுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை மறித்து நிற்கிறவன் இவன். ஒழுங்காக நின்றால் ஒருத்தரும் கவனிக்கமாட்டார்கள். பிழை விட்டால்தான் அவனுடைய பேர் வெளியில் வரும்.

எனக்கு அந்த இடத்துக்கு ஒரே ஆள், நாங்கள் வாத்தியார் என்று கூப்பிடுகிறவர். பத்து வருஷ ஆட்டத்தையும் பார்த்துக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவரைத் தாண்டி எதிரி உள்ளே போனது பத்தொன்பது தரம்தான். றெனோல்ட் நின்றது, நாங்கள் எருமை என்று கூப்பிடுகிற மற்றக் காவல்காரனிலே. எருமையைத் தாண்டிப் போனது நாற்பத்து மூன்று தரம்.

பட்டியலில் பதினோராவது பேருக்கான கோடு மூன்று கிழமை வெறுமையாகக் கிடந்தது. எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. மூலைக்கடை டெப்பனருக்குப் போய்த் தேவையில்லாமல் பால் பை வாங்கி வந்தேன். பிரிட்ஜில் மூன்று சேர்ந்துவிட்டது. அக்காடி மெட்ரோ வரைக்கும் நடந்துபோய், உள்ளே இறங்காமல் திரும்பி வந்தேன். பத்துப் பேரோடு நிற்கிற பட்டியலை நீங்கள் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. நான் இரவில் எழும்பி எழும்பிக் கொப்பியைத் திறந்து பார்த்தேன்.

பெப்ரவரிக் கடைசி ஞாயிறு மூன்று பேரும் என் வீட்டில் கூடினோம். ரொக்ஸ்பரோவிலிருந்து ஜெயராம் காரில் வந்திருந்தார். அவரைத் தெரியும்தானே, சென்னை எஞ்சினியர்.

"நாதன் சார் கணக்குல தப்பு இருக்காது. எனக்கு வாத்தியார் ஓகே," என்று என்னைக் காட்டிச் சொல்லிக் கை தூக்கினார்.

றெனோல்ட் கதிரையில் நல்லாகச் சாய்ந்துகொண்டார். "உன்ரை வாத்தியார் தன்ரை வேலை முடிஞ்சால் இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு நிப்பான். எறியிறவன் விழுந்து கிடந்தாலும் திரும்பிப் பாக்கான். எருமை ஓடிப்போய்த் தூக்கி விடுவான்."

"தூக்கி விடுறது புள்ளியிலை வராது," என்றேன்.

"உன்ரை கொப்பியிலை வராது மச்சான். விழுந்தவனைக் கேட்டுப் பார்."

ஜெயராம் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நேரம் தெருவில் பனி அள்ளுகிற வண்டிக்கு முன்னால் வருகிற சைரன் கேட்டது. அது கேட்டால் காரை எடுக்காதவனின் காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "ரெண்டு பேரும் பேசி முடிங்க, வந்துடறேன்," என்று ஜெயராம் சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் படியிறங்கினார். எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில் அப்படியான நாளில் வேறு இடம் தேடிக் கார் விடுவதென்றால் உங்களுக்குத் தெரியும். அவர் திரும்பி வர இருபத்தாறு நிமிடம் எடுத்தது.

இனி ஸ்ப்ரே. நெஞ்சுநோ வந்தால் நாக்குக்குக் கீழே அடிக்கிற அந்த மருந்தை நீங்கள்தான் என்னிடம் தந்தீர்கள். ஞாயிறுகளில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகிறபடியால், "இவர் எல்லாத்தையும் துலைக்கிறவர் அண்ணை, உங்கடை பொக்கற்றிலை கிடந்தால் எனக்கு நிம்மதி," என்றீர்கள். மூன்று வருஷமாக அது ஞாயிறுகளில் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒருநாளும் மறக்கவில்லை. அன்றும் மறக்கவில்லை.

ஜெயராம் போய் ஐந்து நிமிடம் இருக்கும். "பேரின்பம், நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு. அதை எடு," என்றார் றெனோல்ட்.

"எடுக்கிறன். வாத்தியாருக்கு ஓமோ?" என்று கேட்டேன்.

அவர் பகிடி என்று எடுத்துக்கொண்டார். "எருமை," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகப் போய்விட்டது.

என் வீட்டில் அவருக்கு முன்பு ஐந்து தரம் அப்படி வந்திருக்கிறது. திகதிகள் கொப்பியின் பின்பக்கத்தில் உண்டு. ஐந்தில் மூன்று தரம் மருந்து அடிக்க முந்தியே தணிந்துவிட்டது. ஆகவே நேரம் இருக்கிறது என்று கணித்தேன். அந்த நேரத்தில் அது நியாயமான கணிப்பு.

இரண்டாம் தரம் கேட்டேன். நெற்றி வியர்த்திருந்தது. "மச்சான், விளையாடாதை," என்றார். நான் விளையாடவில்லை என்பது அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். என்னை வடிவாகப் பார்த்தார். எருமை என்று மறுபடி சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் தரம் கேட்டபோது வலக்கையை உயர்த்தினார். கை என் சட்டைப் பைப் பக்கமாக வந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் கை எவ்வளவு உயர வேண்டும், எந்தத் திசையில் உயர வேண்டும் என்று விதிகளில் இல்லை. கை உயர்ந்தது.

பதினோராவது கோட்டில் பேரை எழுதினேன். இறுதியான பேருக்குக் கீழே சிவப்புக் கோடு போடுவது வழக்கம். சிவப்புப் பேனை எழுதவில்லை. மேசை லாச்சியில் மற்றது கிடந்தது, அடிமட்டத்தையும் எடுத்து வந்தேன். கோடு நேராக வந்தது. நேரத்தைப் பார்த்து ஓரத்தில் குறித்தேன்: மூன்று நாற்பத்தொன்று.

அவர் அதை எடு என்று கேட்டதிலிருந்து அதுவரைக்கும் பதினாலு நிமிடம். ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஜெயராம் பனியைத் தட்டிக்கொண்டு வந்தபோது நான் கதிரையில் இருந்தேன். அம்புலன்சுக்கு அடித்தது அவர்தான். "சார், ஸ்ப்ரே அடிச்சீங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். உங்களிடம் தலையாட்டினதற்கு முந்திய பிழை அது. இரண்டையும் இத்தால் திருத்துகிறேன். மருந்து என் பையில் இருந்தது. அவர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கு அவர் வில்லரேயில் உங்கள் வீட்டில் இருந்து எருமைக்காக வாதாடிக்கொண்டிருப்பார்.

ஸ்ப்ரேயை இத்துடன் வைத்திருக்கிறேன். அன்று ஒருதரமும் அடிக்கப்படவில்லை. பொலிசார் சோதித்துப் பார்க்கலாம். கடிதத்தின் மூலத்தை அவர்களிடம் கொடுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். நடக்கப் போனாலும் அக்காடி மெட்ரோவுக்கு அப்பால் போவதில்லை.

பட்டியலின் பிரதியும் இருக்கிறது. அதை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் நீங்கள் வைத்திருங்கள். றெனோல்ட் சாகும்வரைக்கும் எருமையைத்தான் சொன்னார் என்று ஜெயராம் சனத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அவர் அப்போது அங்கே இல்லை. கடைசிவரைக்கும் பக்கத்தில் இருந்தவன் நான். அவர் மனம் மாறினதை என் கண்ணால் கண்டேன்.

இப்படிக்கு,
பேரின்பநாதன்